யாரும் யாரையும் தேடி வரக்கூடாது

மீன் பதப்படுத்தும் ஆலையில் அவளுக்குச் சங்கு என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல, மீன் வெட்டும் மேசையில் நிற்கும் பெண்கள் வைத்தது. பாதுகாப்பு மேற்பார்வையாளராக வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, கழுத்தில் ஒரு விசிலும் தோளில் ஒலிபெருக்கி வைத்த ஒரு கைமைக்கும் மாட்டிக்கொண்டு, "ஈரத்துல ஓடாதீங்க, கத்திய நீட்டிக்கிட்டு நடக்காதீங்க" என்று காலை எட்டு மணியிலிருந்து அவள் ஊதியதில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. "சங்கு வருது" என்றால் எல்லோரும் தலையுறையைச் சரிசெய்துகொள்வார்கள். "நமக்கெல்லாம் சேத்து இவளே ஊதிடுவா போல" என்று யாராவது முனகுவார்கள். அது அவள் காதில் விழும். விழாதது போலப் போய்விடுவாள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் வாய் வலிக்கும். அது ஏற்கெனவே வலித்துக்கொண்டுதான் இருந்தது.

அவளுடைய பெரிய தலைவலி சுனாமிப் பயிற்சி. கரையோர ஆலைகள் எல்லாம் வருடத்துக்கு மூன்று முறை ஆட்களை மேட்டுக்கு ஏற்றிப் பழக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. ஆலைக்கு முன்னால் கடற்கரைச் சாலை, அதைத் தாண்டினால் படகுத்துறை, அப்புறம் கடல்தான். பின்னால் ஒரு சந்து. சந்து முடிகிற இடத்தில் தண்ணீர்த்தொட்டி மேடு, நூற்றிருபத்தாறு படி. வயதானவர்கள் மூச்சு வாங்கி ஏறினாலும் பதினைந்து நிமிஷத்தில் உச்சிக்குப் போய்விடலாம்.

முதல் பயிற்சியில் முப்பத்தொன்பது நிமிஷம் ஆனது. ஒருத்தி போனை எடுக்கத் திரும்பிப் போனாள். இரண்டு பேர் கழிப்பறைக்குப் போனார்கள். நாலைந்து பேர் நாற்பதாவது படியில் கொஞ்சம் உட்காரலாம் என்று உட்கார்ந்து, பேச்சு சுவாரசியத்தில் எழுந்திருக்கவே இல்லை. மேனேஜர் வரவில்லை. தனக்குப் பதிலாகக் குமாஸ்தாவை அனுப்பியிருந்தார்.

"சுனாமி வந்தாலும் பதிலாளைத்தான் அனுப்புவாராமா?" என்று சங்கு கேட்டாள்.

"அப்படித்தான் சொல்லிவிட்டாரு மேடம்" என்றார் குமாஸ்தா, கேள்வியை நிஜக் கேள்வியென்றே எடுத்துக்கொண்டு.

இரண்டாவது பயிற்சிக்கு முன்னால், காரணம் புரிந்தால் கால் நகரும் என்று நினைத்து, அவள் ஒரு விளக்கக் கூட்டம் போட்டாள். மீன் அலசும் பெரிய நீலத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, அடியில் ஒரு இரும்புத் தட்டை வைத்தாள்.

"காத்தே அடிக்காம எப்படி அலை வரும்?" என்று ஆரம்பித்தது எடை போடும் இடத்து அக்கா. ஐம்பதைத் தொட்ட, தோள் அகன்ற பெண்மணி. ஆலை முழுக்க அவளுக்குத் தராசு அக்கா என்றுதான் பேர். மனதில் பட்டதைக் கிலோ கணக்கில் கொட்டிவிடுவாள்.

சங்கு தொட்டிக்குள் கையை விட்டுத் தட்டின் ஒரு ஓரத்தை வெடுக்கென்று தூக்கினாள். தண்ணீர் மொத்தமாகப் பொங்கி, இரண்டு பக்கமும் விளிம்பைத் தாண்டி எல்லோர் பூட்சிலும் கொட்டியது.

"காத்து மேல் தண்ணிய மட்டும் தள்ளும். இது அடியிலேருந்து மொத்தக் கடலையும் தூக்குது. கடலுக்குக் கீழ பெரிய பெரிய பாறைத் தட்டு இருக்கு. ஒன்னு இன்னொன்னுக்கு அடியில நுழையப் பாக்குது. சிக்கிக்கிட்டு நிக்குது. நூறு இருநூறு வருஷமா மேல இருக்கறது வளைஞ்சுக்கிட்டே போகுது. ஒரு நாள் தாங்க முடியாம படார்னு நிமிருது. அதுதான் நிலநடுக்கம். அப்ப அதுமேல இருக்கற தண்ணி எங்க போகும்?"

"எங்க பூட்சுக்குள்ள" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

சங்கு பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தாள். "நடுக்கடல்ல இருக்கற படகுக்காரனுக்குத் தெரியவே தெரியாது. அங்க அது முழங்கால் உயரம்கூட இருக்காது. ஆனா விமான வேகத்துல வரும். கரைகிட்ட ஆழம் குறையக் குறைய முன்னாடி போற தண்ணி வேகம் குறைஞ்சிடும். பின்னாடி வர்றது அது மேல ஏறும். சாயங்காலம் நீங்க பஸ்ல ஏறுவீங்களே, முதல் ஆளு படியில நின்னுட்டா மத்தவங்கல்லாம் முதுகு மேல ஏறுவீங்களே, அந்த மாதிரி."

இது அவர்களுக்குப் புரிந்தது.

"ஊர்ல சைரன் ஊதுவாங்கல்ல?" என்று தராசு அக்கா கேட்டாள்.

"ஊதலாம், ஊதாமலும் போகலாம். கரண்டு போயிருந்தா எதை ஊதறது? நிக்க முடியாத அளவுக்கு நிலம் ஆடினா அதுதான் சங்கு. மெதுவா ஆடினாலும் ஒரு நிமிஷத்துக்கு மேல ஆடினா அதுவும் சங்கு. கடல் திடீர்னு உள்வாங்கினா சங்கு. கடல் பக்கத்திலேருந்து ரயில் வர்ற மாதிரி இரைச்சல் கேட்டா சங்கு. இதுல ஏதாவது ஒன்னு நடந்தாலே போதும், யார் உத்தரவுக்கும் காத்திருக்காம மேட்டுக்கு ஓடணும். யாரும் யாரையும் தேடிப் போகக்கூடாது."

"அடேயப்பா, இத்தனை சங்கா? எங்களுக்கு ஒன்னையே தாங்க முடியல."

இரண்டாவது பயிற்சியில் முப்பத்தொரு நிமிஷம் ஆனது. எட்டு நிமிஷம் குறைந்ததற்காக அவள் சந்தோஷப்பட்டிருக்கலாம். ஆனால் அதில் பாதி நேரம் பின்வாசல் பூட்டுக்குச் சாவி தேடியதிலேயே போனது.

பின்வாசல் ஒரு தனிக்கதை. சந்துக்குத் திறக்கும் கதவு அது ஒன்றுதான். இறால் பெட்டி திருட்டுப்போகிறது என்று மேனேஜர் அதைப் பூட்டிச் சாவியைத் தன் மேசைக்குள் வைத்திருந்தார். சங்கு நாலு கடிதம் எழுதினாள். "பரிசீலனையில் உள்ளது" என்று நாலுக்கும் ஒரே பதில். முகத்துக்கு நேராகக் கேட்டபோது, "அலை வர்றப்ப திறந்துக்கலாம்மா, அதுவா ஓடிப்போகப் போகுது?" என்றார். தலையில் அடித்துக்கொள்ளலாம் என்றால் ஆலையில் கையுறை போட்ட கையால் தலையைத் தொடக்கூடாது என்று விதி. அந்த விதியை எழுதியதும் அவள்தான்.

வீட்டிலாவது நிம்மதி உண்டா என்றால், அங்கே மெக்கானிக் இருந்தார். அவளுடைய வீட்டுக்காரர். ஊரின் மேல்சாலையில், பேருந்து நிலையத்துக்கு எதிரே ஸ்கூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். எந்த அலையும் எட்ட முடியாத உயரம். ஏழாம் வகுப்பில் படிக்கும் மகளின் பள்ளிக்கூடமும் அதே மேட்டில், கடலிலிருந்து இன்னும் தள்ளி இருந்தது. பகலில் ஆபத்தான இடத்தில் இருந்தது சங்கு ஒருத்திதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரையும் உட்காரவைத்து விதி சொன்னாள். "நிலம் ஆடினா அவங்கவங்க இருக்கற இடத்துலேருந்து மேட்டுக்குப் போகணும். மேட்டுல இருக்கறவங்க அங்கேயே இருக்கணும். யாரும் யாரையும் தேடி வரக்கூடாது. எல்லாம் அடங்கிடுச்சுன்னு அறிவிச்சப்புறம் பள்ளிக்கூட மைதானத்துல சந்திக்கலாம்."

"சரிம்மா" என்றாள் மகள், விஷயம் முடிந்துவிட்டதென்று எழுந்துகொண்டே.

மெக்கானிக்குக்கு முடியவில்லை. "நீ அங்க என்ன ஆனியோன்னு தெரியாம நான் கடையில உக்காந்து ஸ்பானர தொடைச்சிக்கிட்டு இருக்கணுமா? மனுஷன் செய்யற வேலையா அது?"

"நீங்க வருவீங்கன்னு நான் நிப்பேன். நான் நிக்கறேன்னு நீங்க வருவீங்க. ரெண்டு பேருமா சேந்து போய்ச் சேந்துடுவோம். அப்புறம் இவள யாரு பாக்கறது?"

"வாயில நல்ல வார்த்தையே வராதா உனக்கு?"

"நான் மேட்டுல இருக்கேன்னு நீங்க நம்பணும். நீங்க மேட்டுல இருக்கீங்கன்னு நான் நம்புவேன். அவ்வளவுதான் விஷயம். இதுக்கு மேல எப்படிச் சொல்றது?"

"சரி சரி" என்றார் அவர். வாடிக்கையாளர்களிடம் 'நாளைக்கு வண்டி ரெடியாயிடும்' என்று சொல்வாரே, அதே குரலில். அவளுக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும்.

மூன்றாவது பயிற்சி ஒரு வியாழக்கிழமை மூன்று மணிக்கு என்று முடிவாகியிருந்தது. அன்று காலை ஒன்பது மணிக்கு மேனேஜர் வந்து, கன்டெய்னர் ஏற்ற வேண்டியிருப்பதால் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தாயிற்று என்று அறிவித்தார். சங்கு ஐந்தாவது கடிதத்தை மனதுக்குள் எழுதிக்கொண்டே உறைபதன அறைக்குப் போய்த் தீயணைப்பான்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினொன்று பத்துக்கு நிலம் ஆடியது.

முதலில் கனமான லாரி ஒன்று வாசலில் வந்து நிற்பதுபோல இருந்தது. பிறகு அந்த லாரி தரைக்கு அடியில் ஓடியது. கொக்கிகளில் தொங்கிய தராசுகள் ஒன்றோடொன்று மோதின. பெட்டி அடுக்கு சரிந்து, ஐஸும் மீனுமாகத் தரை முழுக்கப் பரவியது. "மேசைக்கு அடியில! கத்திய கீழ போடுங்க!" என்று கத்திக்கொண்டே அவள் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு எண்ணினாள். அறுபதைத் தாண்டியது. நூறைத் தாண்டியது. நூற்றுநாற்பதில் நின்றது. விளக்குகள் அணைந்து, இயந்திரங்கள் ஓய்ந்து, ஆலையில் அவள் கேட்டே அறியாத ஒரு மௌனம்.

மேசைக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது. "பயிற்சிய தள்ளி வெச்சாச்சுன்னு சொன்னாங்களே?"

"பூமிய நானா ஆட்டினேன்?" என்று சங்கு கைமைக்கில் அலறினாள். "எழுந்திரிங்க! பின்வாசலுக்கு நடங்க! எதையும் எடுக்காதீங்க!"

பெண்கள் எழுந்தார்கள். அதற்குள் மேனேஜர் இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு அலுவலக அறையிலிருந்து ஓடி வந்தார். "பதறாதீங்க, பதறாதீங்க. முடிஞ்சுபோச்சு. கரண்டு வேற இல்ல. இந்த பெல்ட்ல இருக்கறத மட்டும் ஐஸ் பெட்டியில போட்டுட்டா கெட்டுப்போகாது. பத்தே நிமிஷம்."

கூட்டம் தயங்கியது. அவர்கள் கால்கள் அவளைப் பார்த்தன, கண்கள் அவரைப் பார்த்தன.

"பெல்ட்ல இருக்கறது ஏற்கெனவே செத்த மீனு சார்" என்றாள் சங்கு. கைமைக்கை வாயிலிருந்து எடுக்க மறந்ததால் அது ஆலை முழுக்க எதிரொலித்தது. "இவங்கல்லாம் இன்னும் உயிரோட இருக்காங்க. சாவிய எடுங்க!"

அவர் சாவிக்கு ஓடினார். வந்தபோது கையில் ஒரு கொத்து இருந்தது. இருபது சாவியாவது இருக்கும். எது பின்வாசலுக்கு என்று அவருக்கே தெரியவில்லை. ஒவ்வொன்றாக நுழைத்தார். கொத்து இரண்டு முறை கீழே விழுந்தது. அறுபது பேர் பின்னால் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். சங்கு கடிகாரத்தைப் பார்த்தாள், மூன்று நிமிஷம் ஓடிவிட்டது.

"நகருங்க சார்" என்று ஒரு குரல் கேட்டது. தராசு அக்கா பத்துக் கிலோ எடைக்கல்லை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். நாலு அடி. ஐந்தாவதில் பூட்டு கொண்டியோடு பெயர்ந்து விழுந்தது. "எத்தனை வருஷமா தூக்கறேன், இன்னைக்குத்தான் உருப்படியா ஒரு வேலை செஞ்சிருக்கேன்" என்று சொல்லிக் கல்லை அங்கேயே போட்டுவிட்டு நடந்தாள்.

நாற்பதாவது படியில் வழக்கம்போல நாலைந்து பேர் நின்றார்கள். சங்கு விசிலை அவர்கள் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஊதினாள். மூட்டுவலிக்காரி ஒருத்தியை இரண்டு பேர் கைத்தாங்கலாக ஏற்றினார்கள். போன் பேசிக்கொண்டே ஏறியவளிடம், "பேசாதீங்க, லைன் கிடைக்காது, மூச்சுதான் போகும்" என்றாள். நிலம் ஆடி இருபத்திரண்டு நிமிஷத்தில் எல்லோரும் உச்சியில் இருந்தார்கள்.

அங்கே ஒரு ஆச்சரியம். மேனேஜர் வருகைப் பதிவேட்டை எடுத்து வந்திருந்தார். மூச்சு வாங்க வாங்கப் பேர் வாசித்தார். அறுபத்திரண்டு பேர் குரல் கொடுத்தார்கள். பாக்கி வாட்ச்மேன் ஒருவர்தான் என்னும்போதே அவரும் கடைசிப் படிகளில் தலையைக் காட்டினார். சங்கு அந்த வருடத்தில் முதல்முறையாக மேனேஜரை நன்றியோடு பார்த்தாள்.

வாட்ச்மேன் நேராக அவளிடம் வந்தார். "அம்மா, உங்க வீட்டுக்காரர் வந்திருந்தாரு."

"எங்க?"

"நம்ம முன்வாசலுக்குத்தான், ஸ்கூட்டர்ல. நீங்க எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் பின்பக்கமா போயிட்டீங்கன்னு சொன்னேன். கேக்கல. 'எல்லாரையும் அனுப்பிட்டு அவ கடைசியாத்தான் வருவா, எனக்குத் தெரியாதா'ன்னு உள்ள பூந்துட்டாரு. நான் கூப்பிட்டுப் பாத்தேம்மா."

அவளுக்கு முதலில் வந்தது பயமல்ல. அந்த 'சரி சரி'தான் காதில் கேட்டது. இந்த மனிதர் உலகத்திலேயே பத்திரமான இடத்தில் இருந்தார். சும்மா இருந்தால் போதும். எந்த வேலையும் செய்யாமல் இருப்பதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. அதைக்கூடச் செய்ய முடியவில்லை.

இப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே தன் கால்கள் படி இறங்கிக்கொண்டிருப்பதை அவள் உணரவில்லை. பதினோரு படி இறங்கியிருந்தாள். பின்னாலிருந்து அவள் மேலங்கியை யாரோ கொத்தாகப் பிடித்து இழுத்ததில் படியிலேயே உட்கார்ந்தாள்.

"யாரும் யாரையும் தேடிப் போகக்கூடாதுன்னு எத்தனை தடவை ஊதின?" என்றாள் தராசு அக்கா. குரலில் கிண்டல் இல்லை. பிடியும் தளரவில்லை.

"அவரு உள்ள இருக்காருக்கா."

"இருக்கட்டும். நீயும் உள்ள போயிட்டா வெளிய யாரு இருப்பா? அங்க பாரு."

கடல் வந்துகொண்டிருந்தது. பெண்கள் எதிர்பார்த்த மாதிரி சுவரெழுந்ததுபோல இல்லை. நிற்க மறந்துவிட்ட கடல்போல இருந்தது. படகுத்துறை விளிம்பு வரை ஏறியது, நிற்கவில்லை. சாலைக்கு வந்தது, நிற்கவில்லை. பழுப்பு நிறத்தில், பெட்டிகளையும் பலகைகளையும் தள்ளிக்கொண்டு, ஆலையின் முன்வாசலில் நுழைந்து சந்தில் வெளியே வந்தது. சந்தில் இடுப்பளவு இருக்கும். அதில் ஒரு ஸ்கூட்டர் மிதந்து போனது. அது யாருடையது என்று அந்தத் தூரத்திலிருந்து தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவள் விரும்பவும் இல்லை.

"அதோ! ஐஸ் ஃபேக்டரி படியில யாரோ ஏறறாங்க" என்று மேலே நின்ற ஒருத்தி கத்தினாள்.

ஆலைக்கு அடுத்த கட்டடம் ஐஸ் தொழிற்சாலை. மூன்று மாடி, கெட்டியான கான்கிரீட், வெளிப்பக்கமாக இரும்புப் படி. அதில் கிரீஸ் படிந்த நீலச் சட்டை ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. பின்னால் இன்னும் நாலைந்து பேர். நீலச் சட்டை இரண்டாவது மாடியில் நின்று மேட்டைப் பார்த்தது. பிறகு இரண்டு கைகளையும் ஆட்டியது. கல்யாண வீட்டில் தூரத்துச் சொந்தத்தைப் பார்த்துவிட்டதுபோல உற்சாகமாக ஆட்டியது.

சங்குக்கு அழுகையும் ஆத்திரமும் ஒரே நேரத்தில் வந்தன. பதினோரு படியையும் ஏறி உச்சிக்குப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. வந்ததைவிட வேகமாக, தரையைச் சுரண்டிக்கொண்டு போனது. சந்து தெரிந்தது, சாலை தெரிந்தது. அதோடு நிற்காமல் படகுத்துறைக்கு அப்பாலும் வற்றிக்கொண்டே போய், படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. யாரும் பார்த்திராத பாறைகள் வெயிலில் மின்னின. தூரத்தில் சிலர் கீழே இறங்கி, துள்ளும் மீன்களை நோக்கி ஓடுவது தெரிந்தது.

"அவ்வளவுதான் போல" என்றார் மேனேஜர். "ஃப்ரீசர் கதவு மூடியிருக்கான்னு ஒரு எட்டு பாத்துட்டு..."

"சார், உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார்.

அப்போது நீலச் சட்டையும் இறங்கத் தொடங்கியதை அவள் பார்த்தாள். ஐஸ் தொழிற்சாலையிலிருந்து மேட்டுக்கு இருநூறு மீட்டர்தான். சந்து காலியாகக் கிடந்தது. அவருக்குத் தோன்றியிருக்கும், ஒரே ஓட்டத்தில் வந்துவிடலாம் என்று. அவருக்குப் பின்னால் மற்றவர்களும் இறங்கினார்கள்.

சங்கு கைமைக்கின் ஒலியை முழுக்கத் திருப்பினாள்.

"என்னங்க! மேல ஏறுங்க! இது இன்னும் முடிஞ்சுடல! முதல் அலை பெரிய அலை இல்ல! அடுத்தது வருது!"

நீலச் சட்டை நின்றது. ஒரு விரலைக் காட்டியது. ஒரே நிமிஷம் என்று அர்த்தம்.

"ஒரு நிமிஷம்னு விரலக் காட்டாதீங்க! உங்க ஒரு நிமிஷம் எனக்குத் தெரியும்! கல்யாணத்தன்னைக்கே பாத்தவ நான்! ஏறுங்க!"

அவர் இன்னும் இரண்டு படி இறங்கினார். கையை மார்பில் வைத்து, பிறகு மேட்டை நோக்கிக் காட்டினார். உன்கிட்டத்தான் வருகிறேன் என்பதுபோல.

பதினைந்து வருடக் கல்யாண வாழ்க்கையில் அவள் அவரை நாலு பேர் முன்னால் மரியாதை குறைத்துப் பேசியதில்லை. அன்று அறுபத்துமூன்று பேர் முன்னால் பேசினாள்.

"யோவ் மெக்கானிக்கு! இன்னும் ஒரு படி எறங்கின, நான் உனக்குப் பொண்டாட்டியே இல்ல! உன் பொண்ணு பள்ளிக்கூடத்துல சொன்ன இடத்துல உக்காந்திருக்கா! பன்னெண்டு வயசுக் குழந்தைக்கு இருக்கற அறிவு உனக்கு இல்லயா? திரும்பு! பின்னாடி நிக்கறவங்களையும் கூட்டிக்கிட்டு மொட்டை மாடிக்கு ஏறு! ஏறுய்யா!"

மேட்டில் யாரும் சிரிக்கவில்லை. நீலச் சட்டை ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு திரும்பியது. பின்னால் இறங்கி வந்தவர்களையும் கையால் தள்ளிக்கொண்டு ஏறியது. முதல் மாடி, இரண்டாவது மாடி, மொட்டை மாடி.

இரண்டாவது அலை ஏழு நிமிஷத்தில் வந்தது. அது வருவதற்கு முன்னால் சத்தம் வந்தது, நிஜமாகவே ரயில்போல. படகுத்துறையில் சாய்ந்து கிடந்த படகுகளைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்தது. அவர்கள் பன்னிரண்டு வருடம், இருபது வருடம் நின்று வேலை பார்த்த ஆலையின் தகரக் கூரை, தீப்பெட்டி மூடிபோல நழுவித் தனியாகப் போனது. ஐஸ் தொழிற்சாலையின் இரண்டாவது மாடி ஜன்னல் வரை தண்ணீர் ஏறியது. மொட்டை மாடியில் ஆறு பேர் தண்ணீர்த் தொட்டியைக் கட்டிப்பிடித்து நிற்பதை அவள் எண்ணினாள். மறுபடி எண்ணினாள். ஆறு பேர்தான்.

கீழே மீன் பொறுக்கப் போனவர்களை யாரும் எண்ணவில்லை.

மூன்றாவது அலை கொஞ்சம் சிறியது. நாலாவது வந்தபோது பெண்களில் பாதிப் பேர் பார்க்க மனமில்லாமல் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் வற்றும் ஒவ்வொரு முறையும், வீட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று இரண்டு பேராவது எழுந்தார்கள். ஒவ்வொரு முறையும் சங்கு உட்காரவைத்தாள். தொண்டை கட்டி, கைமைக்கின் பேட்டரி தீர்ந்து, கடைசியில் விரலால் மட்டும் தரையைக் காட்டினாள். அந்த விரலுக்கும் உட்கார்ந்தார்கள். குமாஸ்தாவின் சின்ன ரேடியோவில் ஆபத்து நீங்கியதாக அறிவிப்பு வந்தபோது மணி ஐந்தரை.

மெக்கானிக் முழங்கால் சேற்றில் வந்தார். ஒரு கால் செருப்பு இல்லை. படிக்கட்டின் அடியில் இரண்டு பேரும் சந்தித்தார்கள். அவர் ஏதோ சொல்ல ஆரம்பிப்பதற்குள் அவள் அவர் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். பிறகு அதே தோளைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"உன்னத் தேடித்தான் வந்தேன்" என்றார் அவர்.

"அதனாலதான் அடிச்சேன்." குரல் காற்றாகத்தான் வந்தது.

"நீ கடைசி ஆளா நிப்பேன்னு நெனச்சேன்."

"நின்னேன். மேட்டுல நின்னேன்."

மேல்சாலை வழியாகப் பள்ளிக்கு நடந்தார்கள். வழியில் அவர், "முதல் அலை அவ்வளவா பெருசா இல்லயே, அதான் போயிடுச்சுன்னு நெனச்சேன்" என்றார். ஒரு தடவை கடல் தரை நிமிர்ந்தால் அலை வரிசையாகத்தான் கிளம்பும், அது கரையில் மோதித் திரும்பி ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும், எது பெரியதென்று யாராலும் சொல்ல முடியாது, அதனால்தான் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்று அவள் கரகரத்த குரலில் சொன்னாள். "இத நீ முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார் அவர். அவள் நடையை நிறுத்தி அவரைப் பார்த்தாள். அவர் அவசரமாக முன்னால் நடந்தார்.

மகள் மைதானத்தில் வேப்பமரத்துக்கு அடியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் சேறு படிந்த கால்களைப் பார்த்தாள். ஓடி வந்து இரண்டு பேருக்கும் நடுவில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். முகத்தை எடுக்காமலே, "அப்பா, நீங்க கீழ போனீங்கதானே?" என்று கேட்டாள். மெக்கானிக் செருப்பில்லாத காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

ஊரில் பதினேழு பேரைக் கடல் கொண்டுபோனது. பெரும்பாலானவர்கள் முதல் அலைக்குத் தப்பியவர்கள், எதையோ எடுக்கவோ யாரையோ பார்க்கவோ திரும்பிப் போனவர்கள். ஆலையிலிருந்து யாரும் இல்லை. தாழ்வான தெருவிலிருந்த சங்குவின் வீட்டில் மேற்கூரை வரை சேறு ஏறியிருந்தது. எட்டு நாள் பள்ளிக்கூடத்தில் தங்கிவிட்டு, மெக்கானிக் கடைக்குப் பின்னாலிருந்த அறைக்குக் குடிபோனார்கள்.

பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோதுதான் தராசு அக்கா வாயை விட்டுவிட்டாள். சோற்றுத் தட்டோடு வரிசையில் நிற்கும்போது, மெக்கானிக்கிடம் போகிற போக்கில், "நீங்க மட்டும் என்ன, இவ மட்டும் என்ன, நான் பிடிக்காட்டி இவளும் எறங்கி வந்திருப்பா. பதினோரு படி எறங்கிட்டா" என்றாள்.

மெக்கானிக் தட்டைக் கீழே வைத்தார். மனைவியைப் பார்த்தார். அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்கச் சகிக்காமல் சங்கு வேறு பக்கம் திரும்பினாள்.

அதற்கப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. பிரேக் சரிசெய்ய வருகிறவரிடமும் சொல்வார், காற்றடிக்க வருகிறவரிடமும் சொல்வார். "சட்டம் போட்டதே அவதான். யாரும் யாரையும் தேடக்கூடாதுன்னு. எனக்காக இருபது படி எறங்கியிருக்கா பாருங்க." அடுத்த வாரம் அது நாற்பது படியானது. மாதக் கடைசியில் பாதி மேடு இறங்கியாயிற்று. அறைக்குள்ளிருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டு கிடக்க வேண்டியது அவள் தலையெழுத்து.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கடைக்கு வெளியே வந்தாள். ஸ்கூட்டர்காரர் ஒருவர் மரியாதையோடு எழுந்து நின்றார்.

"பதினொன்னு" என்றாள் அவரிடம். "பதினோரே படி. அதுவும் தப்பு. நீங்க யாரும் அப்படிச் செய்யாதீங்க."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே மெக்கானிக் குரலைத் தாழ்த்துவதாக நினைத்துக்கொண்டு சொல்வது தெளிவாகக் கேட்டது.

"வெக்கப்படறா."